சிறிதாகத் தொடங்கும் துளை

(காலைச் சிந்தனை நிகழ்ச்சியில் வானொலி வழியாக வழங்கிய உரை)



கொரிந்து நகரத்துத் திருச்சபையில் ஒரு குழப்பம். கூடி வந்தவர்கள் ஆளாளுக்குப் பரவசப் பேச்சுப் பேசுகிறார்கள். பக்கத்தில் நிற்பவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவர்களுக்குப் புத்தி சொல்ல வந்த பவுலடியார் குழலையும் யாழையும் எடுத்துக்காட்டாகச் சொல்கிறார். கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகம், 14ஆம் அதிகாரம். உயிரற்ற இசைக்கருவியே ஆனாலும், சுரத்துக்குச் சுரம் வேறுபாடு தெரியாவிட்டால் என்ன வாசிக்கிறார்கள் என்று கேட்பவருக்கு எப்படித் தெரியும் என்பது அவருடைய கேள்வி. பவுலடியார் வாசிப்பவரை மனத்தில் வைத்துப் பேசினார். அந்த வேறுபாட்டைக் குழலுக்குள் கொண்டுவந்து வைத்தவர் ஒருவர் இருக்கிறார் அல்லவா? மூங்கிலில் துளை போட்டுச் சுருதி சேர்ப்பவர். இன்று அவரைப் பற்றிப் பேசலாம் என்று நினைக்கிறேன்.

நெய்க்காரப்பட்டிப் பக்கத்தில் இருப்பவர்களுக்குக் குழல் புதிய பொருளல்ல. தைப்பூசத்துக்கும் பங்குனி உத்திரத்துக்கும் பழனிக் கூட்டத்துக்குள் போய் வந்தவர்கள் பார்த்திருப்பீர்கள். ஒரு நீண்ட கழியின் தலைப்பில் குழல்களை விசிறிபோலச் செருகிக்கொண்டு ஒருவர் சினிமாப் பாட்டு வாசித்தபடி வருவார். கேட்க அவ்வளவு நன்றாக இருக்கும். பிள்ளை அழுது அடம்பிடித்து ஒன்று வாங்கும். வீட்டுக்கு வந்து ஊதினால் வெறும் காற்று. அதையும் மீறி ஒலி வந்தால் அது எந்தப் பாட்டிலும் சேராத ஒலி. பாதிக் குறை பிள்ளையின் உதட்டுப் பழக்கத்தில் இருக்கிறது. மீதிப் பாதி குழலில். அவர் வாசித்தாரே, அது அவருக்கென்று பார்த்துச் செய்த குழல். விற்பனைக்கு வைத்திருப்பவை பெரும்பாலும் ஒரே அளவுகோலை வைத்து வரிசையாகத் துளையிட்டவை.

குழல் செய்கிற பெரியவர் ஒருவரிடம் இதைப் பற்றிக் கேட்டேன். “ஐயா, நல்ல குழல் ஒன்றின் அளவை அப்படியே எடுத்து அடுத்த மூங்கிலில் போட்டால் என்ன?” அவர் சிரித்தார். “ரெண்டு மூங்கி ஒண்ணுபோல இருக்காதுங்க சாமி. ஒண்ணுக்கு உள்வாய் அகலம், ஒண்ணுக்கு தோல் கனம். அளவெல்லாம் ஒரு கணக்குக்குத்தான். அதுக்கு மேல காதுதாங்க.”

இந்தத் தொழிலைப் பற்றி நம் மொழியில் மிகப் பழைய குறிப்பு ஒன்று இருக்கிறது. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்றுகாதைக்கு அடியார்க்கு நல்லார் எழுதிய உரை. உ.வே.சாமிநாத ஐயர் 1892இல் அச்சிட்டு வெளியிட்டது அது. அதில் வங்கியம், அதாவது குழல், எப்படிச் செய்ய வேண்டும் என்று ஒரு தச்சரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதியதுபோல எழுதியிருக்கிறார். மூங்கில், சந்தனம், வெண்கலம், செங்காலி, கருங்காலி என ஐந்து பொருள்களால் செய்யலாம். மூங்கில் உயர்ந்தது, ஆனால் பொழுதுக்கேற்ப மாறும். வெண்கலத்துக்கு ஒலி வலிது. மரமோ எப்போதும் ஒரே சீராக நிற்கும். அதனால் தம் காலத்தில் கருங்காலிதான் வேண்டும் என்பது பெருவழக்கு என்கிறார். (இப்போது கருங்காலி மாலை வாங்கக் கூட்டம் அலைமோதுகிறது. அந்தக் காலத்தில் அதே மரத்தைத் தேடிப் போனவர்கள் குழல் கடையப் போனார்கள் என்பது எனக்குக் கொஞ்சம் ஆறுதல்.)

மரத்தை எங்கிருந்து எடுப்பது? நாலு பக்கத்துக் காற்றும் வந்து மோதி அலைக்கழிக்கும் இடத்து மரத்தில் நாதம் இராதாம். இளமரமும் ஆகாது, கிழமரமும் ஆகாது. ஒரு மனிதர் வாழும் காலம் அளவுக்கு வளர்ந்த மரத்தை வெட்டி, நிழலில் ஆறப்போட்டு, முறுக்குகிறதா, பிளக்கிறதா என்று பார்த்து, ஓராண்டு கழித்துத்தான் கையில் எடுக்க வேண்டும். பிறகு இருபது விரல் நீளம், நாலரை விரல் சுற்றளவு. உள்ளே கடையும்போது சுவரின் கனம் ஓர் அரிசியில் பாதி அளவு நிற்க வேண்டும். அரிசியில் பாதி! இடப்பக்கத்து வாயை வெண்கலத்தால் அடைக்க வேண்டும், வலப்பக்கம் திறந்திருக்கும். இத்தனையும் செய்து முடித்த பிறகுதான் துளையைப் பற்றிய பேச்சே வருகிறது.

இன்று நம் பக்கத்தில் குழல் என்றால் மூங்கில்தான். காத்திருப்பது மட்டும் மாறவில்லை. கூரை வேய மூங்கில் வெட்டுகிறவர்கள் தேய்பிறை பார்த்து வெட்டுவார்கள், தண்ணீரில் ஊறப்போடுவார்கள். மூங்கிலுக்குள் இருக்கும் மாவுச்சத்தைத் தேடித்தான் உளு வருகிறது. ஊறினால் அது கரைந்து போகும். குழலுக்கு எடுத்த மூங்கிலை நிழலிலேயே மாதக்கணக்கில் காயவிட வேண்டும். வெயிலில் போட்டு அவசரப்பட்டால் பிளந்துவிடும். காய்ந்த பிறகும் சில மூங்கில் தானாக வெடிக்கும். அந்தப் பெரியவர் வெடித்ததை வேலிக்குப் போட்டுவிடுகிறார், வெடிக்காததைத்தான் குழலாக்குகிறார்.

இனி துளைக்கு வருகிறேன். பழுக்கக் காய்ச்சிய இரும்புக் கம்பியை மூங்கிலில் வைத்து அழுத்துகிறார். புகை கிளம்ப அது கருகி வழிவிடுகிறது. நார் பிளக்காமல் துளை விழ இது நல்ல வழி. பெரும்பாணாற்றுப்படையில் வரும் ஆயனும் நெருப்பால் துளையிட்ட குழலைத்தான் ஊதுகிறான். சங்க காலத்திலிருந்து கை மாறிக் கை மாறி வந்த வேலை அது.

முதலில் வாய்த்துளை மட்டும். ஊதிப் பார்க்கிறார். ஒலி வேண்டிய சுருதிக்குக் கீழே இருக்கிறது, இருக்கவும் வேண்டும். அதற்காகத்தான் நீளத்தைச் சற்றுக் கூடுதலாக வைத்தார். நுனியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்க்கிறார். நீளம் குறையக் குறைய ஒலி ஏறுகிறது. சரியான இடம் வந்ததும் நிறுத்திவிட்டு விரல் துளைகளைத் தொடங்குகிறார். கர்நாடக இசைக் குழலுக்கு எட்டு. ஒவ்வொன்றையும் வேண்டிய அளவுக்குச் சிறிதாகவே போடுகிறார். ஊதுகிறார். சுருதிப்பெட்டியோடு சேர்த்துக் கேட்கிறார். சுரம் இறங்கி நிற்கிறது. சிறு அரத்தால் இரண்டு இழுப்பு. மறுபடி ஊதுகிறார். இன்னும் ஓர் இழுப்பு. துளை பெரிதாகப் பெரிதாகச் சுரம் மேலே ஏறும். ஏறிக்கொண்டே வந்து சுருதியில் ஒட்டும். அங்கே கையை எடுத்துவிட வேண்டும். ஓர் இழுப்பு அதிகமாகிவிட்டால் போயிற்று. எடுத்த மூங்கிலைத் திரும்ப வைக்க முடியாது.

இன்னும் இரண்டு செய்தி சொன்னார். கம்பி பட்ட சூடு ஆறுவதற்குள் ஊதிப் பார்க்கக் கூடாது. குழலுக்குள் காற்று சூடாக இருந்தால் ஒலி இருப்பதைவிட ஏறிக் கேட்கும், காது ஏமாந்துவிடும். அடுத்து, மேலே ஒரு புதுத் துளை போட்டால், கீழே ஏற்கெனவே சரியாக இருந்த சுரம் இம்மியளவு இறங்கும். ஆகவே எட்டும் முடிந்த பிறகு திரும்ப முதலிலிருந்து கேட்டு வர வேண்டும். ஒரு நல்ல குழலுக்கு ஒரு நாள் போய்விடுகிறது. அதில் அரம் பிடித்த நேரம் கொஞ்சம்தான். மீதியெல்லாம் கேட்ட நேரம்.

கேட்பது என்றதும் கும்பகோணத்துச் சரப சாஸ்திரி நினைவுக்கு வருகிறார். 1872இல் பிறந்து 1904இல் மறைந்தவர். 32 வயதுதான் வாழ்ந்தார். சிறு குழந்தையாக இருக்கும்போதே பார்வையை இழந்தவர். கச்சேரி மேடையில் குழலைத் தனிக் கருவியாக நிலைநிறுத்தியவர் அவர். நமக்கு அதிகத் தூரமில்லாத பல்லடத்தைச் சேர்ந்த சஞ்சீவ ராவ் அவருடைய மாணவர். கண்ணால் ஒரு துளையையும் பார்த்திராதவரின் காது கொடுத்த பாடத்தில்தான் அந்த மரபு வளர்ந்தது.

அன்பானவர்களே, இதையெல்லாம் நான் இவ்வளவு விரிவாகச் சொல்ல ஒரு காரணம் உண்டு. தேர்வு முடிவு வருகிற மே மாதத்தில் பங்கு இல்லத்துக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் பிள்ளையைக் கையோடு இழுத்து வருகிற பெற்றோர். “எதிர்வீட்டுப் பொண்ணு 560 எடுத்திருக்கு சாமி. இவன பாருங்க. நீங்களே நாலு சாத்து சாத்துங்க.” பிள்ளை தரையைப் பார்த்துக்கொண்டு நிற்கும். எதிர்வீட்டு மூங்கிலின் அளவை எடுத்து வந்து இந்த மூங்கிலில் துளை போடச் சொல்கிறார்கள். அதுவும் சூடு ஆறுவதற்கு முன்பாக. முடிவு வந்த அன்று இரவு சில வீடுகளில் சொல்லப்படுகிற வார்த்தைகளை நான் வானொலியில் திருப்பிச் சொல்ல விரும்பவில்லை. அவற்றைச் சொன்ன அப்பா மறுநாள் காலையில் மறந்துவிடுகிறார். பிள்ளை மறப்பதில்லை. அந்த வார்த்தையை நினைத்துக்கொண்டு விபரீத முடிவுக்குப் போன பிள்ளைகளைப் பற்றிய செய்தி ஒவ்வோர் ஆண்டும் நாளிதழில் வருகிறது.

கண்டிக்கவே கூடாது என்று நான் சொல்வதாக நினைக்க வேண்டாம். துளையே போடாமல் வைத்திருக்கும் மூங்கில் கழியாகத்தான் இருக்கும். கேட்டதையெல்லாம் வாங்கிக் கொடுத்து, ஒரு சொல்லும் சொல்லாமல் வளர்க்கிற வீடுகளும் நம் பங்கில் இருக்கின்றன. நான் கேட்பது வேறு. ஒரு முறை சொன்ன பிறகு, அடுத்த சொல்லுக்கு முன்னால், பிள்ளை என்ன பதில் சொல்கிறது என்று கேட்கிறோமா? பத்தாம் வகுப்புப் பையன் ஒருவன் என்னிடம் சொன்னான்: “எங்கப்பா என்கிட்ட நிறையப் பேசுவார் ஃபாதர். நான் பேசுறதுக்கு முன்னாடி போயிருவார்.” அவன் வீட்டில் அடி கிடையாது, பசி கிடையாது. அவன் பேச்சைக் கேட்க ஆள் இல்லை.

அளவு மீறிப் போன துளைக்கு வழியே கிடையாதா என்று அந்தப் பெரியவரிடம் கேட்டேன். கொஞ்சம் என்றால் உண்டு. ஓரத்தில் மெழுகு வைத்துத் துளையைச் சுருக்கலாம். சுரம் இறங்கி வரும். நம் திருவிழாத் தேருக்கு முன்னால் வாசிக்கும் நாகசுரத்தைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். ஏழு விரல் துளைகளுக்குக் கீழே விரல் படாத ஐந்து துளைகள் அதில் இருக்கும். வாசிப்பவர் அவற்றில் மெழுகை அடைத்தும் எடுத்தும் சுருதியைச் சரிசெய்துகொள்வார். கும்பகோணத்துக்கு அருகில் உள்ள நரசிங்கன்பேட்டையில் ஆச்சா மரத்தில் நாகசுரம் செய்கிறார்கள். 2022இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. பழைய வீடுகளை இடிக்கும்போது கிடைக்கிற, பல பத்தாண்டு காய்ந்த தூணையும் உத்தரத்தையும் தேடிப் பிடித்துச் செய்கிறார்கள். அப்படிப் பார்த்துப் பார்த்துச் செய்த கருவியிலும் மெழுகுக்கு ஐந்து இடம் விட்டிருக்கிறார்கள். பெற்றோரே, “நேற்று நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது” என்று பிள்ளையிடம் சொல்வதில் நம் மரியாதை ஒன்றும் குறைந்துவிடாது. அது கொஞ்சம் மெழுகு.

முடிக்கும் முன் ஒரு பங்குத் தந்தையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பிலிப்பைன்ஸ் நாட்டில் மணிலாவுக்கு அருகே லாஸ் பினாஸ் என்ற ஊர். அங்கே இருந்த ஸ்பெயின் நாட்டு அருள்பணியாளர் தியேகோ செரா தம் ஆலயத்துக்கு ஓர் ஆர்கன் செய்ய விரும்பினார். கையில் கிடைத்தது மூங்கில். 1816இல் வேலையைத் தொடங்கினார். வெட்டிய மூங்கிலைக் கடற்கரை மணலில் புதைத்து மாதக்கணக்கில் விட்டுவிட்டார். பூச்சிக்கு ஈடுகொடுத்து நின்ற மூங்கிலை எடுத்துக் குழல்களைச் செய்தார். 1821இல் வாசிக்கிற நிலைக்கு வந்துவிட்டது. ஆனால் எக்காள ஒலி தரும் குழல்கள் மட்டும் இல்லை. எவ்வளவு முயன்றும் மூங்கிலில் அந்த ஒலி வரவில்லை. மூங்கிலோடு மல்லுக்கு நிற்பதை விட்டுவிட்டு அவற்றை உலோகத்தில் செய்து 1824இல் வேலையை முடித்தார். மொத்தம் 1,031 குழல்கள். அவற்றில் 902 மூங்கில், மீதி உலோகம். நிலநடுக்கமும் புயலும் பலமுறை சேதப்படுத்தின. 1973இல் பிரித்து ஜெர்மனியின் பான் நகரத்துக்கு அனுப்பிப் பழுதுபார்த்தார்கள். 1975இல் ஊர் திரும்பியது. இருநூறு ஆண்டு கடந்தும் அந்த ஆலயத்தில் மூங்கிலும் உலோகமும் சேர்ந்து ஒலிக்கின்றன.

இறைவன் உங்கள் இல்லங்களை ஆசீர்வதிப்பாராக. வணக்கம்.