சந்தா வாங்கும் சங்கம் துணைக்கும் நிற்க வேண்டும்

(ஹட்டனில் நடந்த தோட்டத் தலைவர், தலைவிமார் வகுப்பில் ஆற்றிய உரை)



எனக்குத் தந்த தலைப்பைக் கேட்டுச் சிலர் சிரித்தீர்கள். பரவாயில்லை. ஆனால் இது நம் அங்கத்தவரின் வேலை சம்பந்தப்பட்ட விசயம், அதனால் கொஞ்சம் காது கொடுங்கள்.

ஆணை விரும்பும் ஆண், பெண்ணை விரும்பும் பெண், திருநங்கை, திருநம்பி எல்லோரும் நம் லயங்களிலும் இருக்கிறார்கள். வெளியே சொல்வதில்லை, அவ்வளவுதான். கொழும்பில் ஒருவருக்கு வேலை போனால் வேலைதான் போகும். இங்கே லயமும் கம்பனியுடையது. காலையில் பிரட்டுக்களத்தில் தொடங்கும் கேலி பின்னேரம் பீலியடிக்கு வந்துவிடும். கடைசியில் அந்தப் பிள்ளை பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறும். தானாக விலகியதாகச் சொல்லிப் பேரை வெட்டுவார்கள். நாமும் ஏன் என்று கேட்பதில்லை.

சட்டம் என்ன சொல்கிறது? வெள்ளைக்காரன் 1883இல் கொண்டுவந்த தண்டனைச் சட்டக்கோவையில் 365, 365அ என்று இரண்டு பிரிவுகள் உண்டு. 365அ பிரிவின் கீழ் இரண்டு வருடம் வரை மறியல். ஆண்களுக்கு மட்டும் இருந்த அந்தப் பிரிவை 1995இல் நம் பாராளுமன்றம் நீக்கவில்லை, பெண்களுக்கும் சேர்த்து விரித்தது. இந்தியாவில் அவன் எழுதிவைத்த 377ஆம் பிரிவு, வயதுவந்தோர் விருப்பத்தோடு வாழ்வதைத் தண்டிக்க முடியாது என்று அங்கே உச்ச நீதிமன்றம் 2018இல் தீர்ப்பளித்தது. இங்கே பிரேம்நாத் தொலவத்த எம்.பி. கொண்டுவந்த திருத்தச் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணல்ல என்று 2023 மே மாதம் உயர் நீதிமன்றம் தீர்மானித்தது. அது நிறைவேறாமலே 2024 செப்டம்பரில் பாராளுமன்றம் கலைந்தது.

ஒன்றைக் கவனியுங்கள். அந்தப் பிரிவு செயலைத்தான் குற்றம் என்கிறது. ஒருவர் அப்படி இருப்பதைக் குற்றம் என்று சொல்லவில்லை. அவரை வேலையால் நிறுத்தத் துரைக்கு அது அதிகாரம் தரவும் இல்லை. ஆனால் பயத்தைத் தருகிறது. முறைப்பாடு சொல்லப் போனால் பொலிசில் மாட்டுவோமோ என்று பயந்து சங்கத்துக்கே வராமல் இருக்கிறார்கள்.

அரசியலமைப்பின் 12ஆம் உறுப்புரை எல்லோரும் சமம் என்கிறது. ஆனால் அடிப்படை உரிமை வழக்கு அரச நிர்வாகத்தின் செயலுக்கு எதிராகத்தான் போடலாம். 1992க்குப் பிறகு நம் தோட்டங்களில் பெரும்பாலானவை கம்பனிகள் கையில். இப்படிப்பட்டவர்களைப் பேர் சொல்லிக் காக்கும் தொழில் சட்டமும் நம் நாட்டில் இல்லை. ஆகவே நமக்குத் திறந்திருக்கும் கதவு 1950ஆம் ஆண்டின் கைத்தொழில் பிணக்குகள் சட்டம். வேலை நீக்கப்பட்டவருக்காகச் சங்கமே தொழில் நியாய சபைக்கு, அதாவது நாம் லேபர் கோர்ட் என்கிறோமே, அங்கே விண்ணப்பிக்கலாம். ஆறு மாதத்துக்குள் செய்ய வேண்டும். அங்கே கேள்வி, வேலை நீக்கியது நியாயமா என்பதுதான். அவர் யாரை விரும்புகிறார் என்பதல்ல.

பிள்ளைகள் கெட்டுப்போவார்களே என்று கேட்பீர்கள். ஆசிரியராகச் சொல்கிறேன்: சிறுவரைக் காக்கும் சட்டப் பிரிவுகள் வேறு, அவை இருக்கத்தான் வேண்டும். “பொம்பளை மாதிரி நடக்கிறான்” என்ற கேலி தாங்காமல் படிப்பை விடும் பையனும் நாம் காக்க வேண்டிய சிறுவன்தான்.

1984 வரை நம் அம்மாமாருக்கு ஆண்களைவிடக் குறைந்த நாள் சம்பளம். அதையும் ஊர் வழக்கம் என்றுதான் சொல்லிவந்தார்கள். இன்று யாராவது அதை நியாயம் என்பார்களா?

தலைவர், தலைவிமாரிடம் நான் கேட்பது மூன்று. ஒன்று, இப்படி ஒருவர் உங்களிடம் வந்தால், அவர் சொன்னது உங்கள் வீட்டுக்குக்கூடத் தெரியக்கூடாது. இரண்டு, விலகல் கடிதத்தில் ஒப்பம் வைக்கவேண்டாம் என்று சொல்லுங்கள். என்ன நடந்தது, எந்தத் திகதி, எந்த மலை, யார் சாட்சி என்று எழுதிச் சங்கக் காரியாலயத்துக்குக் கொண்டுவாருங்கள். மூன்று, அடுத்த முறை கம்பனிகளோடு கூட்டு ஒப்பந்தம் பேச உட்காரும்போது, பாலினமோ விருப்பமோ பார்த்து யாரையும் ஒதுக்கக் கூடாது என்ற வாசகத்தை நம் கோரிக்கைப் பட்டியலில் சேர்க்க உங்கள் தோட்டக் கமிட்டியில் தீர்மானம் எடுங்கள்.

ஒழுங்காகக் கொழுந்து எடுத்தவருக்கு அரைப்பேர் போட்டால் நாம் விடுவதில்லை. இவர்களும் அதே கொழுந்தைத்தான் எடுக்கிறார்கள், அதே சந்தாவைத்தான் கட்டுகிறார்கள்.