பாய்மரத்தைப் பிடித்து நிற்கும் மூன்று கம்பிகள்

(சங்கத்தின் கோடை விடுமுறைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

நம்ம குடியிருப்பில் இரண்டு பிள்ளைகள் என்.சி.சி. கடற்படைப் பிரிவில் சேர்ந்திருக்கிறார்கள். "பாய்மரம் தலையில் விழுந்துராதா அண்ணாச்சி?" என்று அவர்களின் அம்மாமார் லிஃப்டில் வைத்துக் கேட்டார்கள். பி.காம். படிக்கும்போது நானும் அந்தப் பிரிவில் இருந்தவன். அதனால் செயலாளர் என்னைப் பேசச் சொல்லிவிட்டார்.

எல்லாப் பாய்மரப் படகுக்கும் கம்பி கிடையாது. 2021-இல் டோக்கியோ ஒலிம்பிக்கில் ஓட்டிய சென்னைப் பெண் நேத்ரா குமணனின் லேசர் ரேடியல் படகில் மரம் ஒரு குழிக்குள் தானே நிற்கும். அதே ஒலிம்பிக்கில் கணபதியும் வருண் தக்கரும் ஓட்டிய 49இஆர் படகில் கம்பிகள் உண்டு. என்.சி.சி.யில் பழகும் என்டர்பிரைஸ் படகிலும் உண்டு. 1956-இல் இங்கிலாந்தில் ஜாக் ஹோல்ட் வடிவமைத்த படகு அது. நீளம் 13 அடிக்குச் சற்று மேல். நீலப் பாயை வைத்தே அடையாளம் சொல்லிவிடலாம்.

படகில் ஏகப்பட்ட கயிறு தொங்கும். பாயை ஏற்றவும் இழுக்கவும் ஆனவை கையோடு ஓடும் கயிறுகள். அவற்றை ஒதுக்கிவிட்டால் மிஞ்சுவது மூன்று கம்பி. ஒன்று மரத்திலிருந்து அணியத்துக்குப் போகும், அதாவது படகின் முன்முனைக்கு. மற்ற இரண்டும் இடமும் வலமும், மரத்துக்குச் சற்றுப் பின்னால் தள்ளி விளிம்பில் மாட்டும். நம்ம தெருமுனை ஈ.பி. கம்பத்துக்கு ஸ்டே கம்பி செய்கிற வேலைதான் இவற்றுக்கும்.

மரத்தை நிறுத்துமுன் தலைக்கு மேலே பாருங்கள். மரம் அலுமினியம். மேலே மின்கம்பி போனால் படகையே நகர்த்திவிட வேண்டும். ஆனித் தேரோட்டத்துக்கு ரத வீதியில் கரண்டை நிறுத்துகிறார்களே, காரணம் ஒன்றுதான். இதைப் பிள்ளைகளுக்கு மட்டுமில்லை, கூடப் போகும் பெரியவர்களுக்கும் சொல்கிறேன்.

அப்புறம் மரத்தைக் கிடத்தி, மூன்று கம்பியும் முறுக்கிக்கொள்ளாமல் விரித்து, ஒரு பஞ்சுத் துணியால் கீழிருந்து மேல்வரை தடவ வேண்டும். வெறும் விரல் கூடாது. அறுந்த இழை ஊசி மாதிரி ஏறிவிடும். பெரும்பாலும் 19 இழை முறுக்கிய எஃகுக் கம்பி அது. துணி ஓர் இடத்தில் சிக்கினாலும் அந்தக் கம்பியை மாற்ற வேண்டியதுதான். "ஒண்ணுதானே அறுந்திருக்கு" என்ற சமாதானத்துக்கு இங்கே இடமில்லை. கம்பி முனை குழலுக்குள் நுழையும் இடத்தில் துரு இருக்கிறதா, மாட்டும் பின்னில் பாதுகாப்பு வளையம் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். அந்தச் சின்ன வளையம் கழன்றால் பின் நழுவும், பின் நழுவினால் மரம் சாயும்.

பக்கக் கம்பி இரண்டையும் முதலில் மாட்டி, ஒருவர் அடியை மிதித்துக்கொள்ள, இன்னொருவர் பின்பக்கமிருந்து தூக்கி நிறுத்த வேண்டும். பக்கக் கம்பிகள் மரத்தை முன்னால் சாய விடாது. பின்னால் சாய்வதைத் தடுக்க முன்கம்பிதான் உண்டு. ஆகவே முன்கம்பியை மாட்டி வளையம் போடும்வரை மரத்திலிருந்து கை எடுக்கக் கூடாது. இறக்கும்போது முன்கம்பியை முதலில் கழற்றுவோம். அப்போதும் ஒருவர் மரத்தைப் பிடித்தே ஆக வேண்டும். அம்மாமார் பயப்படுவது கடலை நினைத்து; எனக்குக் கவலை இந்த இரண்டு நிமிஷம்தான்.

பக்கக் கம்பிகள் மாட்டும் தகட்டில் வரிசையாகத் துளைகள் இருக்கும். இடப்பக்கம் எத்தனையாவது துளையோ, வலப்பக்கமும் அதுவே. அதை மட்டும் நம்பாமல், பாய் ஏற்றும் கயிற்றின் நுனியை இடது விளிம்பில் ஒரு புள்ளிக்கு இழுத்து, அதே நீளத்தில் வலது விளிம்பில் அதே இடத்தைத் தொடுகிறதா என்று பாருங்கள். பற்று வரவு மாதிரி இரண்டு பக்கமும் டேலி ஆக வேண்டும். பேங்க்காரன் புத்தி, விடாது!

ஓடும்போது காற்றடிக்கும் பக்கக் கம்பி விறைப்பாகவும் எதிர்ப்பக்கம் தொய்வாகவும் இருக்கும். அது இயல்பு. அதைப் பார்த்து நடுக்கடலில் முடுக்கப் போகாதீர்கள்.

கரைக்கு வந்ததும் மூன்று கம்பியையும் நல்ல தண்ணீர் ஊற்றி உப்புப் போகக் கழுவிக் காயவிட்டுத்தான் சுருட்ட வேண்டும்.