தொலியோடும் தொலியில்லாமலும்



குமரி மாவட்டத்துக் கிறிஸ்தவ வீடுகளில் கிறிஸ்துமஸ் கேக்கோடு சின்னத் தம்ளரில் திராட்சை ஒயின் கொடுப்பது பழைய வழக்கம். எந்த வீட்டுக்குப் போனாலும் அது சிவப்பாகவே இருக்கும். உரிமம் இல்லாமல் வீட்டில் ஒயின் ஆக்குவது மதுவிலக்குச் சட்டப்படி குற்றம். அதனால் இன்று நான் செய்முறை சொல்லப் போவதில்லை. சிவப்பும் வெள்ளையும் எங்கே பிரிகின்றன, நம் ஊர்ப் பக்குவத்தில் எது நயம், எது குறை என்பதைத்தான் பேச வந்திருக்கிறேன்.

கறுப்புத் திராட்சை ஒன்றின் தொலியை உரித்துப் பாருங்கள். உள்ளே இருக்கும் சதைக்கு ஏறக்குறைய நிறமே இருக்காது. சதையும் சிவந்த வகைகள் உலகில் சில உண்டு, ஆனால் அரிது. மற்றபடி நிறம் முழுவதும் தொலியில்தான். அதனால் சிவப்பு ஒயினையும் வெள்ளை ஒயினையும் பிரிப்பது, எப்போது பிழிகிறோம் என்பதே. சிவப்புக்குப் பழத்தை நசுக்கி, தொலியும் விதையும் சாற்றிலேயே கிடக்க நொதிக்க விடுவார்கள். பிழிவது அதற்குப் பிறகு. வெள்ளைக்கு முதலிலேயே பிழிந்து, சாற்றை மட்டும் நொதிக்க வைப்பார்கள். பிரான்சின் ஷாம்பெயின் பகுதியில் பினோ நுவார் என்னும் கறுப்புத் திராட்சையை மெதுவாகப் பிழிந்து, நிறம் இறங்குவதற்குள் தொலியை விலக்கி, வெள்ளை ஒயின் எடுக்கிறார்கள். சில மணி நேரம் மட்டும் தொலியைக் கிடக்கவிட்டால் ரோஜா நிறம் வரும்.

தொலியும் விதையும் துவர்ப்பையும் தருகின்றன. அந்தத் துவர்ப்பு ஒயினைக் காற்றால் கெடாமல் காக்கும். ஆனால் தொலி சும்மா கிடப்பதில்லை. நொதிக்கும்போது எழும் கரியமில வாயு அதை மேலே தள்ளிக் கெட்டியான ஆடையாக மிதக்க வைக்கும். நாளுக்கு இரண்டு மூன்று முறை அதை அமுக்கிவிட வேண்டும். விட்டால் மேற்பரப்பு காய்ந்து, காடியாகத் திரியத் தொடங்கும். பரணிச் சாடியின் வாய்த்துணியை அவிழ்த்து மரக்கரண்டியால் தினமும் கிண்டிவிட்ட நம் பாட்டிமார் செய்தது இந்த வேலையைத்தான். எந்தப் புத்தகமும் பார்க்காமல் கண்ணாலும் மூக்காலும் அவர்கள் அடைந்த தேர்ச்சி அது. நான் மிகவும் மதிக்கும் தேர்ச்சி.

வெள்ளைக்கு வேண்டியது குளிர்ச்சி. சிவப்பு 25 முதல் 30 டிகிரியில் நன்றாக நொதிக்கும். வெள்ளையை 12 முதல் 18 டிகிரிக்குள் நிறுத்தாவிட்டால் மணம் பறந்துவிடும். துவர்ப்பின் காவலும் இல்லாததால் சாறு பழுப்பேறும். கலயத்தில் சுண்ணாம்பு தடவத் தவறினால் அக்கானி என்னும் பதநீர் விடிவதற்குள் கள்ளாகிவிடும் அளவுக்கு வெக்கையான ஊர் இது. இங்கே வெறும் பரணியில் நல்ல வெள்ளை ஒயின் எப்படி வரும்? கிறிஸ்துமஸுக்குப் பருவமும் சேரவில்லை. மகாராஷ்டிரத்துப் பச்சைத் திராட்சை பெருவாரியாக வருவது ஜனவரிக்குப் பிறகு. கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர்த் திராட்சையோ ஆண்டு முழுவதும் கிடைக்கும். குமரியின் ஒயினைச் சிவப்பாக்கியது இந்த வெயிலும் அந்தப் பழமும்தான்.

2023இல் புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர்த் திராட்சை, மஸ்கட் ஹாம்பர்க் என்னும் வகை. பிளாக் ஹாம்பர்க் என்ற கறுப்பும், மஸ்கட் ஆஃப் அலெக்சாண்ட்ரியா என்ற வெள்ளையும் கலந்து பிறந்தது. நிறம் கறுப்பிடமிருந்தும், பன்னீர் மணம் வெள்ளையிடமிருந்தும் வந்தவை. நம் வீட்டு ஒயினைப் பற்றிய என் மனக்குறையும் இந்த மணத்தைப் பற்றியதே. சூட்டில் நாள்கணக்காகத் தொலியோடு கிடந்து பாதி மணம் போய்விடுகிறது. மீதியைக் கிராம்பும் பட்டையும் மூடிவிடுகின்றன. சீனியையும் அளவுக்கு மேல் கொட்டுகிறோம். லிட்டருக்கு ஏறக்குறைய 17 கிராம் சர்க்கரை நொதித்தால் ஒரு விழுக்காடு ஆல்கஹால் உண்டாகும். ஓரளவுக்கு மேல் ஈஸ்ட் ஓய்ந்துவிடும். மிஞ்சியது வெறும் இனிப்பாகத் தங்கிவிடும். கேக்கோடு குடிக்க அது சுகம்தான். ஆனால் வாயில் நிற்பது பாகின் ருசி, பழத்தின் ருசியல்ல.

ஆலயத்துக்கு வருவோம். கத்தோலிக்கத் திருச்சபையின் 1983ஆம் ஆண்டுச் சட்டம் திருப்பலிக்குக் கேட்பது, திராட்சையிலிருந்து இயற்கையாக உண்டான, கெட்டுப்போகாத ரசம். நிறத்தைப் பற்றி அது எதுவும் சொல்லவில்லை. பீடத்துணியில் கறை தெரியாது என்பதால் பல நாடுகளில் வெள்ளையை விரும்புகிறார்கள். சீர்திருத்த சபைகள் பலவற்றில் திருவிருந்துக்கு நொதிக்காத சாறுதான். கறுப்புத் திராட்சையைத் தொலியோடு காய்ச்சினால் சூடே நிறத்தை இறக்கிவிடும், ஈஸ்ட் வேண்டியதில்லை.

உரிமமும் குளிரூட்டும் கலமும் உள்ள ஒயின்காரர் யாராவது இந்தப் பன்னீர்த் திராட்சையை ஷாம்பெயின்காரர்களைப் போல மெல்லப் பிழிந்து, தொலியை உடனே விலக்கி, 15 டிகிரியில் நொதிக்க வைத்துப் பார்க்க வேண்டும் என்பது என் ஆசை. கிராம்பும் வேண்டாம், பட்டையும் வேண்டாம். வெள்ளை மஸ்கட் கொடுத்த மணம் அதில் முழுசாக நிற்கும் என்று நான் நம்புகிறேன்.