யூரியா மூட்டையும் ஹைட்ரஜன் வாயுவும்

கடையிலிருந்து யூரியா மூட்டை வாங்கி வருகிறீர்கள். 45 கிலோ மூட்டை. அதில் தழைச்சத்து ஏறக்குறைய 21 கிலோ. இந்தத் தழைச்சத்தைக் காற்றிலிருந்து பிடித்து உரமாக்க, கணக்குப்படி நாலரை கிலோ ஹைட்ரஜன் வாயு வேண்டும். அந்த வாயுவின் கதையைக் கொஞ்சம் கேளுங்கள்.

1766-ல் இங்கிலாந்தில் கேவண்டிஷ் என்பவர் இரும்பு, துத்தநாகம் இவற்றின் மேல் அமிலத்தை ஊற்றி, கிளம்பிய வாயுவைப் பிடித்து ஆராய்ந்தார். பற்ற வைத்தால் எரிந்தது. காற்றை விட ரொம்ப லேசு. அது எரிந்தால் தண்ணீர் உண்டாகிறது என்று பிரான்சில் லவாய்சியர் 1783-ல் காட்டினார். ஹைட்ரஜன் என்றாலே 'நீரை உண்டாக்குவது' என்றுதான் அர்த்தம்.

அதே வருஷம் ஆகஸ்டில் சார்லஸ் என்ற விஞ்ஞானி இந்த வாயுவை அடைத்த பட்டுப் பலூன் ஒன்றைப் பாரிசிலிருந்து பறக்க விட்டார். ஆள் ஏறாத பலூன். முக்கால் மணி நேரம் பறந்து கோனெஸ் என்ற கிராமத்தில் போய் விழுந்தது. ஊர் சனங்கள் ஏதோ பூதம் என்று பயந்து, வைக்கோல் வாரும் கவைக்கோலாலும் கத்தியாலும் அதைக் குத்திக் கிழித்து விட்டார்கள்! சிரிக்காதீர்கள். வானத்திலிருந்து அப்படி ஒன்று விழுந்தால் நாமும் கையில் கிடைத்ததைத்தான் தூக்குவோம்.

சரி, உரத்துக்கு வருவோம். காற்றில் ஐந்தில் நாலு பங்கு நைட்ரஜன்தான். ஆனால் நெல்லும் கரும்பும் அதை நேராக எடுத்துக் கொள்ள முடியாது. 1909-ல் ஜெர்மனியில் ஹேபர், நைட்ரஜனையும் ஹைட்ரஜனையும் கடும் அழுத்தத்தில், கடும் சூட்டில் சேர்த்து அம்மோனியா எடுத்துக் காட்டினார். அதைத் தொழிற்சாலை அளவில் செய்யும் பொறுப்பு பாஷ் என்பவருக்கு வந்தது. அங்கேதான் தகராறு. ஹைட்ரஜன் எஃகுக்குள்ளேயே புகுந்து, அதிலுள்ள கரியைத் தின்று விடும், குழாய் வெடிக்கும். பாஷ் உள்ளே தேனிரும்புக் குழாய் ஒன்றைச் செருகினார். வெளிக்குழாயில் சிறு துளைகள் போட்டு, கசியும் வாயுவை வெளியே போக விட்டார். எளிய யோசனைதான், உலகத்துக்கே சோறு போட்டது! 1913-ல் ஓப்பாவில் ஆலை ஓடத் தொடங்கியது. அடுத்த வருஷமே யுத்தம். அதே அம்மோனியா வெடிமருந்துக்கும் போயிற்று.

ஹைட்ரஜன் எங்கிருந்து எடுப்பது? 1960-களில் பஞ்சாபில் நங்கல் ஆலையில் பக்ரா அணை மின்சாரத்தால் தண்ணீரைப் பிரித்து எடுத்தார்கள். நெய்வேலியில் பழுப்பு நிலக்கரியிலிருந்து. மணலியிலும் தூத்துக்குடியிலும் நாப்தா; பிறகு இயற்கை எரிவாயு. எரிவாயுவில் பெரும் பங்கு கப்பலில் வருகிறது, அந்நியச் செலாவணி கொடுத்து. சூரிய, காற்று மின்சாரத்தால் தண்ணீரைப் பிரிக்க 2023-ல் மத்திய அரசு தனித் திட்டமே ஒப்புதல் செய்தது. நங்கல் வழிதான், மின்சாரம்தான் வேறு.

இவ்வளவு பாடுபட்டுப் பிடித்ததை வயலில் பறக்க விடலாமா? தேங்கிய தண்ணீரில் யூரியாவை வீசினால், வெயிலிலும் காற்றிலும் அது திரும்பவும் அம்மோனியாவாகிப் போய் விடும். அதனால் மேலுரம் இடுமுன் தண்ணீரை வடித்து விடுங்கள். யூரியா ஐந்து பங்கு, ஜிப்சம் நாலு பங்கு, வேப்பம் பிண்ணாக்கு ஒரு பங்கு கலந்து ஓர் இரவு வைத்திருந்து மறுநாள் தூவுங்கள். மொத்தத்தையும் ஒரே தடவையில் போடாமல் அடியுரமாகக் கொஞ்சம், தூர் கட்டும்போது, கதிர் உருவாகும்போது, கதிர் வெளிவரும்போது என்று நாலாகப் பிரித்து இடுங்கள்.