ஓவியத்துக்குச் சோறு போட்ட கைத்தொழில்

தாம்பரத்துலருந்து மேடவாக்கம், சோழிங்கநல்லூர் வழியா ஈசிஆர் வந்து கொஞ்சம் வடக்கே திரும்பினா ஈஞ்சம்பாக்கம். அங்கதான் சோழமண்டல ஓவியர் கிராமம் இருக்கு. சென்னை ஓவியக் கல்லூரி முதல்வரா இருந்த கே.சி.எஸ். பணிக்கரும் அவரோட மாணவர்களும் 1966-ல் தொடங்கினது.

அப்போ ஓவியத்தை வித்து வாழ முடியாத நிலை. அதனால மெழுகு பூசிச் சாயம் ஏத்துற பாத்திக் துணி மாதிரி கைவினைப் பொருள்களைச் செஞ்சு வித்தாங்க. நிலம் வாங்கினதே அந்தக் காசுலதான்.

இன்னைக்கு ஓவியர்கள் ஒரு ஊர்ல போய்த் தங்கி, நெசவாளர், குயவர் கூடச் சேர்ந்து வேலை செய்யறாங்க. நல்ல விஷயம். ஆனா கண்காட்சியில யார் பேர் வருது? ஒருத்தருக்குப் பேர், இன்னொருத்தருக்கு வெறும் கூலின்னா, அதைக் கூட்டு முயற்சின்னு எப்படிச் சொல்றது? அடுத்த தடவை கண்காட்சிக்குப் போனா, இதைக் கேட்டுப் பாருங்க.