பந்தின் மேல் இருக்கும் பாரம்



மெல்பேர்ணில் சனிக்கிழமை காலைகளில் அடிக்கடி காண்கிற காட்சி இது. ஒரு வீட்டு முற்றத்தில் உயரமான வாகனம் ஒன்று கழுவித் துடைத்து நிற்கும். விற்கிறவர் கையில் கோப்பிக் கோப்பையோடு நிற்பார். வாங்க வந்தவர் வாகனத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, ரயரைக் காலால் ஒரு தட்டுத் தட்டுவார். ரயரைத் தட்டினால் என்ன தெரியும்? கால் நோகும், அவ்வளவுதான். ஆனாலும் எல்லோரும் தட்டுகிறோம். நானும் தட்டியிருக்கிறேன்.

பாவித்த நாலு சில்லு இழுவை வாகனம் ஒன்றைத் தெரிவு செய்வது எப்படி, அதை எங்களவர்கள் எவ்வளவு சரியாகச் செய்கிறார்கள் என்பதுதான் இன்றைய பேச்சு. அவுஸ்திரேலியாவுக்கு வந்த புதிதில் கொரோலா வாங்குவோம். பிள்ளைகள் பிறந்ததும் கேம்ரி. பிறகு பக்கத்து வீட்டுக்காரர், உள்ளே தங்கக்கூடிய கரவன் வண்டி ஒன்றை இழுத்துக்கொண்டு கிராம்பியன்ஸ் மலைக்குப் போவதைப் பார்ப்போம். அன்று இரவே இணையத்தில் பிராடோ, பஜெரோ, லான்ட் குரூசர் என்று தேடத் தொடங்கிவிடுவோம். தேடலில் முதல் கண்ணில் படுவது நிறம், அடுத்தது விலை, அடுத்தது எத்தனை கிலோமீற்றர் ஓடியது என்பது. எனக்குத் தெரிந்தவரை முதலில் பார்க்க வேண்டியவை இரண்டு பாரங்கள்: நீங்கள் ஏற்றப் போகிற பாரம், முந்திய சொந்தக்காரர் ஏற்றிய பாரம்.

முதலாவது பாரத்துக்கு வீட்டு மேசையும் ஒரு பென்சிலும் போதும். விளம்பரத்தில் '3500 கிலோ இழுக்கும்' என்று போட்டிருப்பார்கள். அது சுவரொட்டி எண். கூடவே வேறு மூன்று எண்களைக் கேட்க வேண்டும். ஆட்களும் பொருளும் ஏறிய நிலையில் வாகனம் மட்டும் எவ்வளவு நிறுக்கலாம்? வாகனமும் ட்ரெய்லரும் சேர்ந்து எவ்வளவு நிறுக்கலாம்? பின்னால் ட்ரெய்லரைக் கொளுவும் இழுவைப் பந்தின் மேல் எவ்வளவு பாரம் அழுத்தலாம்? கரவன் நிறையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு அந்தப் பந்தின் மேல்தான் குந்தியிருக்கும். அது வாகனம் சுமக்கிற பாரத்தோடு சேரும். பலர் மறப்பது இதைத்தான்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். வெறுமையாக 2250 கிலோ நிறுக்கிற வாகனம், ஆகக்கூடியது 2900 வரை நிறுக்கலாம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மிச்சம் 650 கிலோ. சாமான் ஏற்றிய கரவன் 2500 கிலோ என்றால் பந்தின் மேல் 250. மிச்சம் 400. அம்மா, அப்பா, மூன்று பிள்ளைகள் சேர்ந்து 280. மிச்சம் 120. முந்திய சொந்தக்காரர் முன்னால் பூட்டிய இரும்புக் காப்புச் சட்டம் 65. இரண்டாவது பற்றரி 25. இழுவைச் சட்டம் 30. மிச்சம் பூச்சியம். குளிர்ப்பெட்டி, கூடாரம், அரிசிப் பை, அம்மம்மா, ஒன்றுக்கும் இடமில்லை. வாகனத்தில் ஆசனம் ஏழு இருக்கிறதே என்று கேட்பீர்கள். ஆசனம் இருக்கிறது, நிறைதான் இல்லை. அளவுக்கு மேல் ஏற்றிப் போய் விபத்து நடந்தால் காப்புறுதிக்காரரும் இதே கணக்கைப் போட்டுப் பார்ப்பார்.

சில வாகனங்களில் எண்களே ஒன்றுக்கொன்று ஒத்துப்போவதில்லை. தனி நிறை 3200, இழுவை 3500, இரண்டும் சேர்ந்து 6000 மட்டும் என்று கையேட்டில் இருக்கும். 3200-ஐயும் 3500-ஐயும் கூட்டினால் 6700. அப்படியானால் வாகனத்தை நிரப்பினால் 2800-தான் இழுக்கலாம். பஜெரோவின் பிந்திய வகைகள் 3000 கிலோ இழுக்கும் என்று பேர் பெற்றவை. ஆனால் 2500-க்கு மேல் போனால் பந்தின் மேல் 180 கிலோ மட்டுமே அனுமதி. நூற்றுக்கு ஆறு. அந்த அளவுக்கு முன்பாரம் குறைந்த பெரிய கரவன் நெடுஞ்சாலையில் வாலாட்டத் தொடங்கும். வாலாட்டம் தொடங்கிய பிறகு சாரதி செய்யக்கூடியது சொற்பம்.

சட்டத்தையும் ஒரு வரியில் சொல்லிவிடுகிறேன். 750 கிலோ வரையான ட்ரெய்லருக்குத் தனிப் பிரேக் தேவையில்லை. அதற்கு மேல் 2000 வரை ட்ரெய்லரில் பிரேக் இருக்க வேண்டும். 2000-ஐத் தாண்டினால் எல்லாச் சில்லிலும் பிரேக் வேண்டும். கழன்றால் தானாகவே நிற்கும் பொறியும் வேண்டும்.

அடுத்து நாலு சில்லும் இழுப்பது என்றால் என்ன? இதில் இரண்டு குலம் இருக்கிறது. ஹைலக்ஸ், பழைய நிஸான் பற்றோல் போன்றவை தேவைப்படும்போது மட்டும் நாலு சில்லையும் பூட்டுகிறவை. பூட்டிவிட்டால் முன்னச்சும் பின்னச்சும் ஒரே வேகத்தில் சுழலும். வளைவில் முன்சில்லு போகும் தூரம் கூட, பின்சில்லு போகும் தூரம் குறைவு. மணலிலோ சேற்றிலோ சில்லு சறுக்கி அந்த வித்தியாசத்தைத் தீர்த்துக்கொள்ளும். காய்ந்த தார் வீதியில் சறுக்க இடமில்லை. முறுக்கு உள்ளே ஏறி அச்சும் பற்சக்கரமும் அடிவாங்கும். ஆகவே அன்றாடம் நீங்கள் ஓட்டுவது இரண்டு சில்லு வாகனம்தான். மற்றக் குலம் பிராடோவும் லான்ட் குரூசர் 100, 200 வகைகளும். முன்னச்சையும் பின்னச்சையும் வெவ்வேறு வேகத்தில் சுழலவிடும் டிஃபரென்ஷியல் ஒன்று நடுவிலும் இருப்பதால் எந்த நேரமும் நாலு சில்லும் இழுக்கும். பஜெரோ இரண்டுக்கும் நடுவில்: தார் வீதியில் இரண்டு சில்லிலும் ஓட்டலாம், நாலிலும் ஓட்டலாம்.

இதை ஏன் இவ்வளவு விரித்துச் சொல்கிறேன்? கரவனின் பாரம் பின்பக்கத்தை அமத்த, முன்பக்கம் இலேசாகும். மழை நாளில் ரவுண்டபவுட்டில் நின்று புறப்படும்போது நாலு சில்லுக்கும் வேலை பகிரப்பட்டால் வாகனம் பதறாமல் எழும்பும். காட்டுக்கும் மணலுக்கும் மட்டும் போகிறவருக்கு முதற்குலம் நல்லது, எளிமையானது, திருத்தவும் சுகம். வாரநாளில் பள்ளிக்கூடம், நீண்ட விடுமுறையில் கரவன் என்று வாழ்கிறவருக்கு நான் இரண்டாம் குலத்தையே சொல்வேன்.

இனி இரண்டாவது பாரம்: முந்தியவர் ஏற்றியது. இதை வாசிக்க எனக்குக் கற்றுத் தந்தவர் எங்கள் பகுதியில் இருக்கும் ஒரு அண்ணை. தொண்ணூறுகளில், போரினால் பெற்றோல் தடை இருந்த காலத்தில், யாழ்ப்பாணத்தில் ஏ40 கார் ஓட்டியவர். சில துளி பெற்றோல் விட்டு எஞ்சினை எழுப்பி, பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டிய தலைமுறை. எஞ்சின் இருமினால் எங்கே இருமுகிறது என்று அவருக்குத் தெரியும்.

டண்டினோங் பக்கம் ஒரு வீட்டுக்குக் காலை எட்டு மணிக்குப் போனோம். விளம்பரத்தில் 'ஒருநாளும் எதையும் இழுக்கவில்லை' என்று இருந்தது. அண்ணை வணக்கம் சொல்ல முதலே பொனற்றின் மேல் உள்ளங்கையை வைத்தார். "தம்பி, இது சுடுது. விடியக்காலமை ஆர் ஓட்டினது?" குளிர்ந்த எஞ்சின்தான் உண்மை சொல்லும். குளிரில் எழும்பும்போது வருகிற நீலப் புகையும் கடகடப்பும் சூடானதும் மறைந்துவிடும். சூடாக்கி வைத்திருக்கிறார் என்றால், எதையோ மறைக்கிறார் என்று எடுத்துக்கொள் என்பது அவருடைய விதி.

பிறகு கதவைத் திறந்து, ஓரத்து றப்பரை விலக்கி விரலால் ஒரு இழுவை இழுத்தார். விரல் நுனி செம்மண் நிறமானது. வெளியே எத்தனை தரம் கழுவினாலும் உள்நாட்டுப் புழுதி அந்த றப்பரின் பின்னால் தங்கிவிடும். மேலதிகச் சில்லு தொங்கும் இடத்தில் ரோச் வெளிச்சம் அடித்தார்: கடல் மணல். அதோடு அடிச்சட்டத்தின் உட்பக்கத்தில் கறள் இருக்கிறதா என்று பார்க்கக் கீழே படுத்துவிட்டார். படகு இறக்குகிறவர்கள் பின்சில்லை உப்புத் தண்ணீருக்குள் விடுவார்கள்; கறள் அங்கிருந்துதான் ஏறும்.

கடைசியாக ஸ்டியரிங்கின் கீழே, முழங்கால் படுகிற இடத்தைத் தடவினார். பயற்றங்கொட்டை அளவில் இரண்டு துளை. "இதிலதான் கரவன் பிரேக் கட்டுப்பாட்டுப் பெட்டி இருந்தது. கழட்டிப்போட்டு விக்கிறார்." இழுவைப் பந்தின் உச்சியும் தேய்ந்து பளபளத்தது. விற்பவரிடம் நாங்கள் ஒன்றும் வாதாடவில்லை. நன்றி சொல்லிவிட்டு வந்துவிட்டோம்.

வரும் வழியில் நான், இழுத்த வாகனம் எல்லாம் கூடாதா என்று கேட்டேன். அண்ணை தலையை ஆட்டினார். இழுத்தவர் கியர் எண்ணெயை நேரத்துக்கு மாற்றியிருந்தால், சேவிஸ் புத்தகத்தில் அதற்கு முத்திரை இருந்தால், அந்த வாகனம் நகரத்தில் மட்டும் ஓடிய, எண்ணெயே மாற்றாத வாகனத்தைவிட மேல் என்றார். எனக்கு இது புதுப் பாடம். இழுத்ததில் குற்றமில்லை. மறைத்ததில்தான் குற்றம். இதை மறைத்தவர் வேறென்ன மறைத்தாரோ!

தானியங்கிக் கியருக்கு எண்ணெய் பார்க்கும் கோல் இருந்தால், இழுத்து வெள்ளைக் கடதாசியில் துடையுங்கள். மாதுளஞ்சாறு நிறம் நல்லது. தேத்தண்ணி நிறத்தில் கருகல் மணத்தோடு இருந்தால் சூட்டில் வெந்திருக்கிறது. ரோஸ் பால் நிறத்தில் இருந்தால் ரேடியேற்றர் தண்ணீர் உள்ளே கலந்திருக்கிறது. அந்த இடத்திலேயே திறப்பைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அடுத்து, நாலு சில்லு இழுவையின் லோ கியரைப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். பல வீடுகளில் வருடக்கணக்காக அதைத் தொடாமல் இறுகியிருக்கும். புல்லிலோ கிறவலிலோ ஓட்டிப் பாருங்கள், தாரில் வேண்டாம்.

வகைகளைப் பற்றி என் மதிப்பீடு இது. லான்ட் குரூசர் 100, 200 இரண்டும் 3500 கிலோ இழுப்பவை, உறுதியானவை, விலையும் எண்ணெய்ச் செலவும் அதற்கேற்ப. பிராடோ 2017 வரை 2500 கிலோதான். பிறகு டீசல் தானியங்கி 3000 ஆனது. நடுத்தரக் கரவனுக்கும் தினசரிக்கும் அளவான வாகனம். அதன் 3 லீற்றர் டீசலில் 150,000 கிலோமீற்றரில் ரைமிங் பெல்ட் மாற்ற வேண்டும். மாற்றியதற்கு ரசீது கேளுங்கள். நிஸான் பற்றோலின் 4.2 லீற்றர் டீசலைத் தேடித் திரிகிறவர்கள் உண்டு. 3 லீற்றர் ஆரம்ப வருடங்களில் பிஸ்டன் பழுதுக்குப் பேர் போனது. பஜெரோ விலைக்கு ஏற்ற நல்ல குடும்ப வாகனம், பந்துக் கணக்கை மட்டும் மறக்காவிட்டால்.

பெரிய டீசல் வாகனத்தில் தினமும் இரண்டு கிலோமீற்றர் பள்ளிக்கூடத்துக்குப் போய் வருகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. புதிய டீசல்களின் புகைக்குழாயில் கரியைப் பிடிக்கும் வடிகட்டி ஒன்று உண்டு. பிடித்த கரியை எரிக்க அது ஏறத்தாழ 600 பாகை வரை சூடாக வேண்டும். அதற்கு நெடுஞ்சாலையில் நின்றுபிடித்து ஓட வேண்டும். குறுந்தூரமே ஓடினால் அடைத்துக்கொள்ளும். 2015 அக்டோபர் முதல் 2020 ஏப்ரல் வரை விற்பனையான ஹைலக்ஸ், பிராடோ, ஃபோர்ச்சுனர் டீசல்களில் இந்த வடிகட்டி குறைபாடுள்ளதென்று இங்குள்ள பெடரல் நீதிமன்றம் 2022-இல் தீர்ப்புச் சொன்னது. அந்தக் காலத்து வாகனமானால் திருத்தம் செய்யப்பட்டதா என்று கேளுங்கள். ஓட்டம் முழுவதும் நகரத்துக்குள்தான் என்றால் பெற்றோல் எஞ்சின் கூடக் குடித்தாலும் குறையத் தலையிடி தரும்.

கடதாசி வேலை சுருக்கமானது. அரசின் பி.பி.எஸ்.ஆர். பதிவேட்டில் வாகனத்தின் 17 எழுத்து அடையாள எண்ணைக் கொடுத்து இரண்டு டொலர் கட்டினால், கடன் இருக்கிறதா, களவு போனதா, விபத்தில் கழிக்கப்பட்டதா என்று தெரியும். விக்டோரியாவில் தருகிற வீதித் தகுதிச் சான்றிதழைக் கண்டு மயங்க வேண்டாம். அது பிரேக், விளக்கு, ரயர் போன்ற பாதுகாப்பைத்தான் பார்க்கிறது. எஞ்சின் அடுத்த மாதமும் ஓடும் என்று அது சொல்லவில்லை. ஒரு சுயாதீன மெக்கானிக்குக் கொடுக்கும் கட்டணம் வீண்செலவல்ல.

எங்களவர்களின் தெரிவுத் திறனுக்கு நான் புள்ளி போட்டால், விலை பேசுவதற்கு நூற்றுக்கு நூறு; கணக்குப் பார்ப்பதற்கு நாற்பது. உயர்த்திய சஸ்பென்ஷன், பெருத்த ரயர், கூரை நிறைய விளக்கு என்று இருந்தால் மயங்கிவிடுகிறோம். அவை ஒவ்வொன்றும் நிறை. உயர உயர இழுவையில் தள்ளாட்டம். கடையிலிருந்து வந்தபடியே, சலிப்பூட்டும் தோற்றத்தில், தடித்த சேவிஸ் புத்தகத்தோடு நிற்கிற வாகனத்தின் அருகில் இன்னும் பத்து நிமிடம் நில்லுங்கள்.

நேயர்களே, அண்ணையோடு ஆறு வாகனம் பார்த்து ஏழாவதைத்தான் நான் வாங்கினேன். அதைச் சொன்ன விலைக்கே வாங்கினேன், அவரும் தடுக்கவில்லை. எத்தனையோ பேருக்கு நாலு சில்லு வாகனம் தெரிந்து கொடுத்த அண்ணை இருபது வருடத்துக் கேம்ரி ஒன்றில்தான் இன்னும் போகிறார். பின்னால் ஒரு சின்ன ட்ரெய்லர். அதில் வெட்டிய புல்லும் வாழைச் சருகும் மட்டும். ஏன் அண்ணை நீங்கள் ஒன்று வாங்கவில்லை என்று ஒருநாள் கேட்டேன். ட்ரெய்லரைத் திரும்பிப் பார்த்து, "கணக்குப் பாத்தனான் தம்பி," என்றார்.