ஸ்கேனுக்கு முன்னால் வீட்டிலேயே ஓர் ஒத்திகை

(சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

நான் டாக்டர் இல்லை. பி.காம். படித்துவிட்டு வங்கி கவுண்ட்டரில் காசு எண்ணி ஓய்வு பெற்றவன். ஆனால் நம் குடியிருப்பில் இப்போது இரண்டு, மூன்று வயதுக் குழந்தைகள் நிறைய. மரக்காணத்திலிருந்து பெரிய ஸ்கேன் என்றால் பலரும் ஈ.சி.ஆர். வழியாகப் புதுச்சேரிக்குத்தான் போகிறோம், ஜிப்மருக்கோ தனியாருக்கோ. அங்கே குழந்தை அசைந்து படம் கலங்கிவிட்டால் இன்னொரு நாள், இன்னொரு முறை பட்டினி.

முதலில் எந்த ஸ்கேன் என்று கேட்டுக்கொள்ளுங்கள். அல்ட்ராசவுண்டில் குழந்தையைப் பயமுறுத்துவது சில்லென்ற ஜெல்லும் இருட்டு அறையும்தான். பல நேரம் மடியில் வைத்தபடியே எடுத்துவிடுவார்கள். சி.டி. சில நிமிடத்தில் முடியும். அதில் எக்ஸ்ரே கதிர் உண்டு, ஆகையால் தாய் கர்ப்பமாக இருந்தால் முன்பே சொல்லிவிட்டு வேறொருவரைக் கூட நிற்க வையுங்கள். எம்.ஆர்.ஐ.யில் கதிர் இல்லை, காந்தம்தான். ஆனால் குழாய் மாதிரி இடத்துக்குள் அரைமணி நேரம்கூட அசையாமல் கிடக்க வேண்டும். சத்தமும் காதைத் துளைக்கும், அதற்குக் காதில் அடைப்பு வைப்பார்கள்.

அந்தச் சத்தத்தை எப்படிச் சொல்வது? உப்பளத்தில் தண்ணீர் இறைக்கும் இன்ஜின் நம் பிள்ளைகளுக்குத் தெரியும். "அது மாதிரி கடகடன்னு கத்தும், உன்னை ஒண்ணும் பண்ணாது" என்று சொல்லுங்கள். டைனிங் டேபிளுக்கு அடியில் பாய் விரித்து, இருபுறமும் போர்வையைத் தொங்கவிடுங்கள். முதலில் பொம்மைக்கு ஸ்கேன், பிறகு அப்பாவுக்கு, கடைசியில் குழந்தைக்கு. செல்போனில் எம்.ஆர்.ஐ. சத்தத்தை மெதுவாக ஓடவிட்டு, பத்து எண்ணும்வரை சிலை மாதிரி இருக்கச் சொல்லுங்கள். அமெரிக்காவில் ஸ்கேன் கருவி வடிவமைத்த டக் டீட்ஸ் என்பவர், ஒரு சிறுமி அதைக் கண்டு அழுததைப் பார்த்து, அறையையே கடற்கொள்ளையர் கப்பலாக வரைந்து மாற்றினார். மயக்க மருந்து தேவைப்பட்ட குழந்தைகள் அங்கே வெகுவாகக் குறைந்தார்கள். நமக்கு ஒரு போர்வை போதும்.

இருந்தாலும் இந்த வயதில் எம்.ஆர்.ஐ. என்றால் பல குழந்தைகளுக்கு மயக்க மருந்து தேவைப்படத்தான் செய்யும். அதைத் தோல்வியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஊசி, மாஸ்க் வரும் நேரத்தில் அதே ஒத்திகை கைகொடுக்கும்.

மயக்க மருந்து என்றால் நான் ஒன்றை அழுத்திச் சொல்கிறேன், தாத்தா பாட்டிகள் கேளுங்கள். வழக்கமாகச் சாப்பாடும் பசும்பாலும் 6 மணி நேரம் முன்பே, தாய்ப்பால் 4 மணி நேரம் முன்பே, தண்ணீர் 2 மணி நேரம் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். உங்கள் மருத்துவமனை வேறு கணக்கு சொன்னால் அதுதான் கணக்கு. "பாவம், பசிக்குது" என்று ஒரு பிஸ்கட்டை மறைத்துக் கொடுத்தால், மயக்கத்தில் வாந்தி வந்து நுரையீரலுக்குள் போகலாம். உயிருக்கே ஆபத்து. தெரியாமல் கொடுத்துவிட்டால் மறைக்காமல் சொல்லிவிடுங்கள், தேதி தள்ளிப்போகும், அவ்வளவுதான். சளி, இருமல், காய்ச்சல் இருந்தாலும் சொல்ல வேண்டும்.

அடுத்தது நகை. என் பேத்திக்கு இரண்டரை வயதில் எம்.ஆர்.ஐ. எடுத்தபோது, வெள்ளி அரைஞாணைக் கழற்றக் கூடாது என்று என் வீட்டம்மா ஒரே பிடிவாதம். காந்த அறைக்குள் கொலுசு, காப்பு, தாயத்து, ஹேர்கிளிப் எதுவும் கூடாது. முந்தின இரவே கழற்றிவிட்டால் காலையில் சண்டை இல்லை. மஞ்சள் கயிறு கட்டி அவரைச் சமாதானப்படுத்தினோம்.

சாப்பிட மறுத்தால் "ஊசி போடச் சொல்வேன்" என்று மிரட்டும் வழக்கம் நம் வீடுகளில் உண்டு. அப்படி வளர்ந்த பிள்ளை வெள்ளைக் கோட்டைப் பார்த்ததுமே அலறும். அதை இன்றே நிறுத்துங்கள். "வலிக்கவே வலிக்காது" என்ற பொய்யும் வேண்டாம். "சுருக்குன்னு ஒரு தடவை இருக்கும், அம்மா கையைப் பிடிச்சுக்கோ" என்றால் நம்பும்.

வீட்டில் அது கட்டிக்கொண்டு தூங்கும் துணியை எடுத்துப் போங்கள், ஜிப், பட்டன் இல்லாததாக. ஸ்கேன் முடிந்ததும் நர்ஸ் சொன்ன பிறகு முதலில் கொஞ்சம் தண்ணீர், அப்புறம்தான் மற்றதெல்லாம். பிஸ்கட் பாக்கெட் அதுவரை காரிலேயே இருக்கட்டும்.